வாழைமரத்துக்குக் கழுத்தை நீட்டினேன்

வெள்ளிமலைப் பள்ளியில் கோள்களுக்குப் பெயர் வந்த கதையை வருடா வருடம் நடத்துகிறேன். வானத்தில் ஒன்று சிவப்பாகத் தெரிந்ததாம். பழைய கிரேக்கர்களுக்கு ரத்தம் ஞாபகம் வந்ததாம். உடனே போர்த் தெய்வமான ஏரெஸின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். ரோமானியர்கள் தங்கள் போர்த் தெய்வத்தின் பெயரால் மார்ஸ் என்றார்கள். நம் ஊர்ச் செவ்வாய்தான் அது. சிவப்புக்குக் காரணம் அங்குள்ள மண்ணின் இரும்புத் துரு, அவ்வளவுதான் என்று பாடத்தை முடிப்பேன். அந்தத் துரு என் கல்யாணத்தில் வந்து விழுந்தது.

ரிஷிவந்தியத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்துப்போன பிறகு, என் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் இடத்தில் இருக்கிறது என்றார்கள். கட்டுகிறவன் செத்துப்போவானாம். கிரேக்கனாவது பெயர் வைத்ததோடு விட்டான். இவர்கள் என்னைக் கொலைகாரியாகவே ஆக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவே பரிகாரமும் சொன்னார்.

“மொதல்ல வாழ மரத்துக்குக் கட்டிவச்சு, மரத்த வெட்டிட்டா தோஷம் அதோட பூடும்.”

முடியவே முடியாது என்று கத்தினேன். “எனக்காக ஒத்துக்கம்மா” என்று அப்பா கண்கலங்கினார். சின்னசேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு வாழைமரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரத்தின் சார்பில் ஐயர் தாலி கட்டினார். அப்பாவே அரிவாளை எடுத்து மரத்தைச் சாய்த்தார். என் கழுத்துத் தாலியை அறுத்தார்கள். அறிவியல் படித்தவள் நான். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம் தரகர் வந்து தலையைச் சொறிந்தார். “அந்தம்மா யோசிக்கிறாங்க. ஒருதரம் தாலியேறி அறுத்த பொண்ணுன்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்களாம்.”

“இன்னாங்க அநியாயம் இது! கட்டச் சொன்னதே அவங்கதானே?” என்றார் அப்பா.

“நான் இன்னா பண்ணட்டும்? சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்.”

அடப்பாவிகளா! நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன். தரகர் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஓடினார்.

அப்புறம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு இடம் வந்தது. அவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போது அப்பா என் காதருகே வந்தார்.

“வாழ மரத்தப் பத்தி மூச்சு வுடாதம்மா.”

அதுவரை ரிஷிவந்தியத்தார் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் அப்பா மேல் திரும்பியது. உள்ளே போய்க் காபி எடுத்து வந்தேன்.

வந்திருந்த அம்மா பிரியமாகத்தான் கேட்டார். “உன்னப் பத்திச் சொல்லும்மா.”

“சயின்ஸ் டீச்சருங்க. ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிடுச்சு. அவர எங்கப்பாவே வெட்டிப் போட்டுட்டாருங்க” என்றேன்.