கோபால்ட் மிஷினும் திருவாதவூர் பஸ்ஸும்

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் கோபால்ட் யூனிட்டில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் கொடுக்கும் மிஷின் அது. உள்ளிருக்கும் கோபால்ட்டின் பலம் மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு போலக் குறையும். அடுத்த மாதக் கணக்கைப் போட்டுச் சுவர் சார்ட்டில் எழுதுவது என் வேலை. முதல் நாள் நான் போட்டதைப் பார்த்த, கதிர் அளவைச் சரிபார்க்கும் பிசிசிஸ்ட், “என்ன மாப்ள, கோபால்ட் குட்டி போடுதா?” என்றார்.

0.99ஆல் பெருக்குவதற்குப் பதில் 1.01ஆல் பெருக்கியிருந்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால் வளரும், ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்கினால் தேயும். பி.எஸ்ஸி. கணிதம் படித்த மேதை நான்.

பலம் தேயத் தேய, அதே டோஸ் கொடுக்க அதிக நேரம் பிடிக்கும். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மிஷினில் புது சோர்ஸ், அதாவது புது கோபால்ட், போட்டிருந்த சமயத்தில் கழுத்துக்குக் கதிர் வாங்கிப்போன பேச்சியம்மாள், ஐந்து வருஷம் கழித்து மறுபக்கக் கட்டியோடு வந்தார். மூன்றாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டார்.

“நான் ஊருக்குப் போறேண்ணே. நோவு ரெட்டிப்பாயிருச்சு.”

“யாரும்மா சொன்னா?”

“உள்ள படுத்து கண்ணை மூடுனா, ஊருக்கு பஸ் ஏறுனதா நெனச்சுக்குவேன். போன தடவ பாதி வழியில ஒத்தக்கடை தாண்டுறதுக்குள்ள மிஷினு நின்னுரும். இப்ப திருவாதவூர்ல எறங்கி வீட்டுக்கே போயிர்றேன்.”

சார்ட்டை எடுத்து இரண்டு கோடு வரைந்து காட்டினேன். பலம் இறங்கும் கோடு, நேரம் ஏறும் கோடு. அவர் ஏறும் கோட்டில் விரலை வைத்து, “இதான நோவு?” என்றார். என் கணிதம் அம்புட்டுதான். வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

“கோடை வந்தா குழாயில தண்ணி சன்னமா வருதுல்ல? ஒரு குடம் ரொம்ப எம்புட்டு நேரமாகுது?”

“நேரமாகும்.”

“அதுக்காகக் குடம் பெருசாயிருச்சா?”

 பேச்சியம்மாள் பையைக் கீழே வைத்தார்.

சிகிச்சை பாதியில் இருந்தபோது புது சோர்ஸ் வந்தது. பெருமையாகச் சார்ட்டை மாற்றினேன். அன்று உள்ளிருந்து வந்த பேச்சியம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

“ஒத்தக்கடையிலயே எறக்கிவிட்டுட்டீக. இனி பிரயோசனமில்லன்னு கைவிட்டுட்டீகளாண்ணே?”

“குழாய்தாம்மா புதுசு. குடம் அதே குடம்.”

 மறுநாளும் வந்தார். சிகிச்சையை முடித்துக்கொண்டு நிஜ பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்குமுன், அது எதன் கோடு என்று கேளுங்கள். பேச்சியம்மாளுக்குப் பிறகு சோர்ஸ் மாற்றும்போதெல்லாம், இனி நேரம் குறையும் என்று உள்ளே படுக்கப் போகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் சார்ட்டில் கை வைத்தேன்.