அத்தான் மாட்டிய பெரிய டயர்கள்

ரப்பர் தீயும் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு இன்றும் குமட்டுகிறது. நாங்கள் தில்லி கரோல் பாகில் கூட்டுக் குடும்பமாக இருந்தபோது, என் கணவரின் அண்ணன் ஏலத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தார். பின்பக்கம் பெஞ்சு போட்டு, கித்தான் கட்டி, தமிழ்ப் பிள்ளைகளை மந்திர் மார்க் பள்ளிக்கு ஏற்றிச் செல்வார். ஐந்து வயதான என் மகனும் அதில்தான் போனான்.

மழைக்காலத்தில் தெரு குளமாகிவிடும். அதற்காக ஜீப்பின் பெரிய டயர்களை வாங்கி மாட்டினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, காலி வண்டியை மார்க்கெட்டைச் சுற்றி ஓட்டிவந்து, "பாத்தியளா, டயரு மட்கார்டுல எங்கயாவது தொடுதா?" என்று மார்தட்டினார். காலி வண்டியில் எப்படித் தொடும்? பிள்ளைகள் ஏறியதும் வண்டி தணிந்தது. ஒருநாள் மகனுக்குத் துணையாகப் போனேன். திருப்பங்களில் முன்சக்கரம் மட்கார்டில் கரகரவென்று அரைத்து, ரப்பர் தீயும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால், டயரின் ஓரம் செதுக்கியதுபோல் வெளிறியிருந்தது.

கணவரின் அண்ணனிடம் நேராகப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மகனை நடுவில் நிறுத்தி, "டயர் உரசுதுன்னு பெரியப்பாகிட்ட சொல்லு" என்றேன். அவரும் அவனிடமே, "உங்கம்மா எப்ப வண்டி ரிப்பேர் பண்ற மிஸ்திரி ஆனாளாம்? கேளுடா" என்றார். கணவர் சிரித்தார். எனக்கே சந்தேகம் வந்தது. புது டயர் என்றால் கொஞ்சம் உரசத்தான் செய்யுமோ?

மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கியதோடு அவர் நிறுத்திக்கொண்டார். வண்டியின் உடம்பையே உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பழைய டயரை மாட்ட வேண்டும் என்று டயர் கடைக்காரர் சொல்லியிருந்தாராம். சமையலறையில் அவர் மனைவிதான், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ரகசியமாகச் சொன்னார். "ஊரெல்லாம் பீத்தியாச்சு. இனி எப்படிக் கழட்டுவாக?"

மறுநாள் காலை பிள்ளைகள் வண்டியில் ஏறி, "ஜல்தி சலோ பெரியப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தான் முன்சக்கரத்தருகே குந்தியிருந்தார். தேய்ந்த இடத்தில் ரப்பருக்குள்ளிருந்த நூல் தெரிந்தது. துணியில் எச்சில் துப்பி, கறுப்பு பூட் பாலிஷைத் தொட்டு அதன்மேல் பூசினார். டயர் இவ்வளவு தேய்ந்தது அதுவரை அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"அத்தான், என் பிள்ளை இதுல வரமாட்டான்."

அவர் நிமிரவில்லை. "டேய், உங்கம்மாகிட்ட..."

"அவன்கிட்ட இல்ல. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"அச்சா! பொம்பளைய பேச்சக் கேட்டு வண்டி ஓட்டணுமோ?" என்று மீண்டும் பாலிஷ் டப்பாவைத் திறந்தார்.

மகனை இறக்கினேன். மற்ற பிள்ளைகளை இறக்க எனக்கு என்ன உரிமை என்று தயங்கி நின்றேன். அப்போது அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். தன் கணவர் பக்கம் திரும்பாமல், தன் மகளைப் பெஞ்சிலிருந்து தூக்கி என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த பிள்ளைக்குக் கை நீட்டினார்.