பேச்சியக்காவுக்கு லேட்டாப் பொறந்த பிள்ள

நூறு நாள் வேலைங்கிறது மம்பட்டியத் தூக்குறதுக்கு இல்ல, போட்டோவுக்கு நிக்கிறதுக்குத்தேன் அதிகமாத் தெம்பு வேணும்கிற சோலி. எந்த ஊரு ஓடையில நீங்க மண்ணு வெட்டுனாலும் உங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கும்.

நாலு பிள்ள

கொடைக்கானல் மலையில, வில்பட்டிக்கு மேல ஓடைக்கரையில வரப்பு வெட்டிக்கிட்டு இருந்தோம். எங்க செட்டுல செல்விக்குப் பத்து மாசக் கைப்பிள்ள. மரத்துல சேலையக் கட்டிப் பிள்ளையப் போட்டுட்டு வேல செய்வா. ஒருநா ஒரு காட்டுமாடு வந்து தொட்டிலுக்கு ரெண்டடி தள்ளி நின்னு மேயுது. அது போனதும் செல்வி பிள்ளையத் தூக்கிக்கிட்டு, "நாளையிலருந்து நான் வரலக்கா"ன்னு அழுதா. அவ வரலன்னா அவ வீட்டுல அடுப்பு எரியாது.

நேரா ஓவர்சியர்கிட்டப் போனோம். பிள்ளைகளப் பாத்துக்க ஒரு ஆளு போடணும்னு சட்டமே இருக்குல்ல சார்னு கேட்டேன். "அஞ்சு பிள்ள இருந்தாத்தேன் ஆளு. உங்ககிட்ட நாலுதேன இருக்கு?"ன்னாரு. அப்பப் பத்து மாசம் டயம் குடுங்க சார், கொண்டாந்துர்றோம்னேன். மனுசனுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "ரூல்னா ரூலும்மா, அதுக்கு நானா பெத்துத் தர முடியும்?"

பல்லு

அந்தச் சமயத்துலதேன் வெளிநாட்டு ஆபீசருங்க வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. சனங்களுக்கு மரியாதையா வேல குடுக்குறோம்னு நம்ம சர்க்காரு உலகத்துக்கே எழுதிக் குடுத்திருக்காம். அது நெசமான்னு பாக்க வர்றாங்களாம். கொடைக்கானலுக்கு வெள்ளக்காரங்க வர்றது புதுசா என்ன? ஏரிய விட்டுட்டு எங்க ஓடையப் பாக்க வந்ததுதேன் புதுசு.

அன்னைக்கு வெள்ளனே ஒரு வண்டி வந்துச்சு. நெழலுக்குப் பந்தல், தண்ணி டிரம்மு, மருந்துப் பெட்டி, கம்பி ஸ்டாண்டோட ரெண்டு தொட்டிலு, எல்லாம் எறங்குது. இத்தன வருசமாக் கண்ணுல காணாத சாமான். "என்ன கேட்டாலும் பல்லு தெரியச் சிரிங்க"ன்னு ஓவர்சியர் பாடம் நடத்துனாரு. எங்கள்ல மூத்தவ பேச்சியக்கா எந்திரிச்சு நின்னுச்சு. "பல்லு எங்களுதா சார், இல்ல அதையும் வண்டியிலயே கொண்டாந்துட்டீங்களா?"

அஞ்சாவது

தொட்டிலு வந்தாப் போதுமா, கணக்குக்கு அஞ்சு பிள்ள வேணுமே? மனுசன் யாரையும் கேக்காம, தன் சொந்த மவனையே ஜீப்புல கொண்டாந்து எறக்கிட்டாரு. நாலு வயசு, காலுல பளபளன்னு ஷூ. ரிஜிஸ்டர்லயும் அஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு.

வந்த வெள்ளக்காரம்மா அந்த ஷூவையே பாத்துச்சு. இது யாரு பிள்ளன்னு கூட வந்தவரு தமிழ்ல கேட்டாரு. ஓவர்சியருக்கு அந்தக் குளுருலயும் வேர்த்து ஊத்துது. நான் வாயத் தொறந்திருந்தா மனுசன் அவுட்டு. ஆனா அஞ்சுன்னு பதிஞ்சாத்தேன செல்வி பிள்ளைக்கு ஆளு கெடைக்கும்? பேச்சியக்கா பையன இழுத்து மடியில வச்சுக்கிட்டு, "எம்மவன்தேன், லேட்டாப் பொறந்தது"ன்னுச்சு. அந்தம்மா எழுதிக்கிருச்சு, போட்டோவும் எடுத்துக்கிருச்சு. அவங்க காரு ஏறுனதும் பையன் கேட்டான்: "அப்பா, அப்ப வீட்டுல இருக்கிற அம்மா யாரு?"

விடல

சாயங்காலம் அதே வண்டி சாமான அள்ள வந்துச்சு. தொட்டிலுல செல்வி பிள்ள தூங்கிக்கிட்டுக் கெடக்கு. எப்பவும் வாயே தொறக்காத செல்வி, மம்பட்டிய ஊனிக்கிட்டுக் குறுக்க நின்னா. நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்துட்டோம்.

"வெரசா எந்திரிங்கம்மா, வாடகைச் சாமான். அஞ்சு பிள்ள எங்க இருக்கு உங்ககிட்ட?"ன்னாரு ஓவர்சியர்.

"உங்க ரிஜிஸ்டர்ல இருக்கு சார், உலகம் பூராப் போற போட்டோவுல இருக்கு. இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, விட்டுர்றோம்"னேன்.

செல்போன எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போனாரு. யார்கிட்டயோ ரொம்ப நேரம் பேசுனாரு. திரும்பி வந்து பந்தல மட்டும் கழத்தச் சொல்லிட்டு, தொட்டில விட்டுட்டு, பிள்ள பாக்குற ஆளுன்னு பேச்சியக்கா பேர எழுதுனாரு. ஜீப்பு கெளம்புறப்ப அக்கா கையத் தட்டிக் கூப்புட்டுச்சு. "சார், எம்மவன நாளைக்கும் வெள்ளனே அனுப்பிருங்க, இல்லன்னா கணக்கு நாலாயிரும்!"

நூறு நாள்ல ஒருநாளு உலகம் வந்து சர்க்காரப் பாத்துட்டுப் போயிரும், மிச்சம் தொண்ணூத்தொம்பது நாளும் நாமதேன் கண்ணு வச்சுக்கிரணும்.