சத்தம் ஏறாத படம்

நீ பொய் சொன்னாய். நான் பேசியது உனக்குக் கேட்டது. கேட்டும் மைக்கில் வேறெதையோ பேசினாய்.

எண்பதுகளின் தொடக்கம். நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் நீ பக்கத்து பிளாக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், கிளப்பில் நாடகம் போடுகிறவன். உன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன கேமராவில் ஆறு நிமிடச் சிரிப்புப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னாய். நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவன் தலைக்கு மை அடித்து, தன் பிறந்தநாளுக்குத் தானே மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தன்னையே காதலிக்கிறான். அதுதான் கதை. எனக்கும் அப்போது நாற்பத்தைந்து. மனைவி பிள்ளைகளோடு திருநெல்வேலிக்குப் போய் நான்கு வருடம். கடிதமும் நின்றிருந்தது.

என்னையே நடிக்க வைத்து, என் வீட்டிலேயே எடுத்தாய்.

"கண்ணாடிய பாத்துகினு எதுனா பேசுங்கண்ணே. இதுல சத்தம் ஏறாது. அப்பால நான் மைக்குல பேசிக்கிறேன்."

"என்னத்தடே பேச?"

"அண்ணிகிட்ட பேசற மாதிரி பேசுங்க."

அவளிடம் எப்படிப் பேசுவேன் என்பதே மறந்துபோயிருந்தது. மாலையோடு நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்தபோது ஒட்டியிருந்த மைன்ஸ் தூள் காது மடலில் அப்படியே இருந்தது. கண்ணாடிக்குள் இருந்தவனிடம் சொன்னேன்:

"எல்லா ஷிப்டுக்கும் எங்கூட வந்தவன் நீ ஒருத்தன்தான். சாப்பிட்டியான்னு நான் ஒருநாளும் உங்கிட்ட கேட்டதில்ல. இனிமே நீ எனக்கு பர்மனன்ட்டுடே."

அது நடிப்பில்லை. நீ சிரிக்கவில்லை. கேமராவை இறக்கிவிட்டு, "டீ போடட்டுமாண்ணே" என்று அடுப்படிக்குப் போனாய்.

ரீல் கழுவி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹாலில் ஜன்னல்களைச் சாத்திப் படம் போட்டாய். திரையில் என் உதடு அசைந்தது. மைக்கில் உன் குரல் வந்தது: "இன்னா மாமா, வூட்டுல இன்னும் உன்ன பர்மனன்ட் பண்லியா? டெம்பரவரியாவே கீற?"

ஹால் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

மறுநாள் ஷிப்ட் பஸ்ஸிலேயே ஆரம்பித்தார்கள். "டெம்பரவரி அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." ஓய்வு பெறும்வரை அதுதான் என் பெயர். நான் பேசியது காதில் விழுந்ததா என்று உன்னிடம் ஒரே முறை கேட்டேன். "கேமரா மோட்டார் சத்தத்துல ஒண்ணுமே காதுல வுழலண்ணே" என்றாய். விழாதவனுக்கு அந்த பர்மனன்ட் எங்கிருந்து வந்தது?

அன்று சிரித்தவர்கள் பலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அதே ஹாலில் மைக்கைப் பிடி. நான் கண்ணாடியிடம் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அவர்கள் எதிரில் சொல்.