ஜாமீன் பத்திரத்தில் இருந்த தேதி

பெரம்பலூரில் அரசுப் பணியாளர்களுக்கான சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். உறுப்பினர்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேமிப்பில் வைப்போம், தேவைப்பட்டால் கடன் கொடுப்போம். கடனுக்கு இன்னொரு உறுப்பினர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் தகராறு வந்தால் வழக்கு முதலில் கூட்டுறவுத் துறை அதிகாரியிடம் போகும். அதைத் தாவா என்போம். அந்த வருடம் எங்கள் தாவாக்கள் அரியலூரில் விசாரணைக்கு வந்தன. செயலாளருக்கு முட்டிவலி. பஸ் ஏறிப் போய்வர என்னை அனுப்பினார்.

அதில் ஒரு தாவா செந்துறைப் பக்கத்துக்காரர் போட்டது. யூனியன் ஆபீஸில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் சங்கத்தில் உறுப்பினர். ஓய்வு பெற்றதும் தன் பங்குத்தொகையையும் சேமிப்பையும் கேட்டார். முந்திரிக் காட்டில் போர் போட வேண்டுமாம். சங்கம் தரவில்லை. அதே ஆபீஸில் வேலை பார்த்த கிளார்க் ஒருவருக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தார். அந்த கிளார்க் வேலைக்கு வராமல் நின்று திருப்பூர் பக்கம் போய்விட்டார். கடன் பாக்கி நின்றது. அதை இவர் பணத்தில் பிடித்துக்கொள்வதாக நோட்டீஸ் போனது. நோட்டீஸை டைப் செய்தது நான்.

அவர் வக்கீல் வைக்கவில்லை. முதல் வாய்தாவிலேயே எழுந்து நின்று சொன்னார்: "சார், நான் கையெழுத்துப் போட்டது வேற கடனுக்குங்க. அது முடிஞ்சுபோச்சு. இது அவரு பின்னாடி வாங்குன கடன். இதுக்கு யாரும் எங்கிட்ட வந்து கேக்கவே இல்ல."

"அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"எங்கிட்ட என்னங்க இருக்கும்? எல்லாப் பேப்பரும் சங்கத்துலதான் இருக்கு."

அதிகாரி என்னைப் பார்த்தார். செயலாளர் எழுதிக் கொடுத்த பதிலுரையை நீட்டினேன். ஜாமீன்தாரர் பொறுப்பு தொடர்கிறது என்று அதில் இருந்தது.

அவர் சொன்னது உண்மை. அது எனக்குத் தெரியும். கிளார்க் முதலில் ஒரு கடன் வாங்கினார். அது பாதி கட்டிய நிலையில் பெரிய கடன் ஒன்று கேட்டார். பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தோம். கணக்குப்படி பழைய கடன் அன்றோடு முடிந்தது. புதுக் கடனுக்குப் புது ஜாமீன் பத்திரம் வாங்கியிருக்க வேண்டும். அது மார்ச் மாதம், வேலை நெருக்கடி. அப்போதிருந்த செயலாளர், "பழசையே சேத்து வச்சிடும்மா, அப்பறம் வாங்கிக்கலாம்" என்றார். வைத்தேன். அப்புறம் யாரும் வாங்கவில்லை.

இரண்டாம் வாய்தாவிலும் நான் வாய் திறக்கவில்லை. ஜீப் டிரைவர் முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். அதிகாரி அசல் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி மூன்றாவது தேதி கொடுத்தார். இப்போதைய செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "கையெழுத்து இருக்கற பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. அசல் பீரோல தேடிக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்க" என்றார். தேதி இருந்தது முதல் பக்கத்தில்.

ஜெராக்ஸ் எடுத்தேன். அசலையும் பையில் வைத்துக்கொண்டேன். எதைக் கொடுப்பது என்று அரியலூர் போய்ச் சேரும் வரை முடிவு செய்யவில்லை. பயம் இருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

ஜீப் டிரைவர் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போனோம். அதிகாரி கை நீட்டினார். அசலைக் கொடுத்தேன். பத்திரத்தைப் பார்த்தார், கடன் விண்ணப்பத்தைப் பார்த்தார், மறுபடி பத்திரத்தைப் பார்த்தார்.

"பத்திரம் கடனுக்கு முந்துன தேதியில இருக்கு. இந்தக் கடனுக்கு வாங்குன பத்திரம் எங்கம்மா?"

"வாங்கலைங்க சார். பழசை நான்தான் சேத்து வச்சேன்."

"எழுதிக் குடுக்கறீங்களா?"

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாகமாக இருந்தது.

வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, மொத வாய்தாவுலயே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அன்னைக்கி நான் நின்னுக்கிட்டுப் பேசறேன். நீங்க எதுத்தாப்புல உக்காந்திருந்தீங்க. எங்க வூட்டுலயே என்ன நம்பல தெரியுமா? 'குடிச்சிட்டு எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டிருப்ப'ன்னு எம்பொண்டாட்டி சொன்னா. நான் குடிக்கறதே இல்ல."

குழாயை மூடினேன். அவர் செந்துறை பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. பங்குத்தொகை, சேமிப்பு, நிறுத்தி வைத்த காலத்துக்கு வட்டி எல்லாம் அவருக்குத் தர வேண்டும், கடனைக் கடன் வாங்கியவரிடமே வசூலிக்க வேண்டும். எனக்கு மெமோ வந்தது. "சங்கத்துல சம்பளம் வாங்கிக்கிட்டுச் சங்கத்துக்கு எதிரா எழுதிக் குடுத்துருக்கீங்க" என்றார் செயலாளர். கத்தவில்லை. அந்த வருட ஊதிய உயர்வு நின்றது. முந்தைய செயலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஓய்வு பெற்றிருந்தார். கிளார்க்கைத் திருப்பூரில் தேடிப் பிடித்தார்கள். அவர் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்.

காசோலை வாங்க ஜீப் டிரைவர் மனைவியோடு வந்தார். நாற்காலி போட்டேன். அந்த அம்மா உட்கார்ந்தார். டிரைவர் நின்றுகொண்டே ரசீதை முதல் வரியிலிருந்து படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இது என்ன, பிடித்தம்?" என்றார். உறுப்பினர் கணக்கை முடிக்கும் கட்டணம் என்றேன். விதியைக் காட்டச் சொன்னார். புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா, "வரோம்மா" என்றார். கணவர் அதற்குள் படியில் இறங்கியிருந்தார்.