சிவராசா அண்ணனின் மணல் மூட்டைகள்

சிவராசா அண்ணன் குடும்பத்தோடு படகேறி ஆஸ்திரேலியாவுக்கு ஓடப்போகிறார் என்று நான் நம்பினேன். அதுவும் என் பேரில் பதிவு நம்பர் வாங்கிய படகில். பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. அந்தத் தண்ணீருக்காக அடி தட்டையாகச் செய்த படகு அது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் மாமியாரோடு சமுத்திரத்தைத் தாண்டுவாரா என்று யோசிக்கும் நிலையில் என் மூளை இல்லை. இத்தனைக்கும் ஃபைபர் படகு ஷெட் நடத்திப் பிழைப்பவன் நான்.

அண்ணன் போன ஆடியில் இறந்துபோனார். ஷெட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூலையில் கிடக்கும் சாக்குகளைக் காட்டி, "இன்னாண்ணே இது, வெள்ளம் வந்தா அடைக்கவா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. பாக்கி இருந்தால்தானே போக.

1. ஆள் என்ன பாரம்?

அண்ணன் மன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் வந்து, கும்மிடிப்பூண்டி பக்கத்து அகதி முகாமில் குடும்பத்தோடு இருந்தார். அங்கே மர வள்ளம் செய்தவர், இங்கே ஃபைபர் பழகிக்கொண்டார். அச்சுக்கு மெழுகு தேய்ப்பது, கண்ணாடி இழை மேட் விரித்து ரெசின் பூசுவது எல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். அவரிடம் வேறு ஒரு வியாதி இருந்தது. படகு ஆர்டர் கொடுக்க வருகிறவரை உட்காரவைத்து விசாரிப்பார்.

"எத்தினை பேர் ஏறுவினம்? ஆள் என்ன பாரம்?"

அவர் என் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் என்னிடம் கொதித்துவிட்டார். "யோவ் ஏழுமல, நான் படகு வாங்க வந்தனா, பொண்ணு குடுக்க வந்தனா? என் மச்சான் வெயிட்டு இவருக்கு இன்னாத்துக்கு?"

"கோவிக்காதேங்கோ. மச்சான் குண்டோ?"

"குண்டுதான்!"

"அப்ப சரி" என்று அண்ணன் குறித்துக்கொள்வது போலத் தலையாட்டினார்.

படகு முடிந்ததும், ஏறப்போகும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சாக்கில் மணல் நிரப்பி, இரும்புக்கடைத் தராசில் நிறுத்து, அவரவர் உட்காரும் இடத்தில் வைப்பார். சாக்கில் மார்க்கரால் பெயர் எழுதுவார். பிறகு மூட்டைகளோடு ஏரியில் ஒரு சுற்று. மச்சானும் மாமனாரும் சாக்கு வடிவத்தில் போய்வந்த பிறகுதான் படகு கைமாறும்.

"ஆளுங்களையே ஏத்திக்கினு போய்ப் பாக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன்.

"ஆக்கள் அங்கயும் இங்கயும் நெளியுங்கள். பாரத்தைக் கேட்டால் குறைச்சுச் சொல்லுங்கள். மணல் சொல்லாது."

சாயங்காலம் ஆனால் அவரைப் பிடிக்க முடியாது. கரை முழுக்க ஆர்டர் குவிந்து கிடந்தாலும் வீட்டுக்கு ஓடிவிடுவார். மிச்சமாகிற ரெசினையும் விடமாட்டார். மனைவி ராணி அக்காவுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி, சின்னவளுக்குப் படிக்கிற மேசை, மாமியாருக்கு முக்காலி. அந்த வீட்டில் மாமியாரைத் தவிர எல்லாமே ஃபைபர். மூத்தவளை ஏரிக்கு நடுவே இருக்கிற ஒரு தீவுக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். சீராக என்ன போயிருக்கும் என்கிறீர்கள்? ஃபைபர் தண்ணீர்த் தொட்டிதான்.

2. ஐந்து மூட்டை

ஒரு நாள் வந்து, "எனக்கு ஒரு வள்ளம் செய்யப்போறன் தம்பி. நம்பரை உம்மட பேரில எடும், என்ர பேரில எடுக்கிறது கரைச்சல்" என்றார். நானும் பெருமையாகச் சரி என்றேன்.

அந்தப் படகு விநோதமாக வளர்ந்தது. வழக்கத்தைவிட அகலம் அதிகம். மீன் பெட்டி வைக்கிற இடத்தில் சாய்ந்து உட்கார முதுகுப்பலகை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஏரியில் இறால் பிடிக்கப் போகிறவன் சாய்ந்துகொண்டா பிடிப்பான்? "எதுக்குண்ணே?" என்றால், "சும்மா" என்றார். எதற்கும் மூன்று காரணம் சொல்கிற மனுஷன் சும்மா என்றதும் நான் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

பிறகு மூட்டைகள் வந்தன. எட்டிப்பார்த்தேன். ராணி. மாமி. சின்னவள். மூத்தவள். ஐந்தாவதாகப் பெயரில்லாத ஒரு குட்டி மூட்டை.

அதைப் பார்த்த கணத்திலேயே எனக்கு ஆஸ்திரேலியா தெரிந்துவிட்டது. கட்டிக்கொடுத்த மகளைக்கூட விடாமல் மொத்தக் குடும்பமும். குட்டி மூட்டை நகை நட்டு, வேறென்ன? முகாமிலிருந்து எங்கெங்கோ படகில் போனவர்களைப் பற்றி டீக்கடையில் கேட்ட கதைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. அவர் போய்விடுவார். நம்பர் என் பேர். போலீஸ் வந்தால் ஆள் கடத்தும் ஏஜென்ட் நான். ஷெட்டுக்கு சீல், எனக்குக் களி.

அண்ணன் அந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஏரிக்குள் போய்வர ஆரம்பித்தார். ஒத்திகை! காற்று எழும்பும் மத்தியானமாகப் பார்த்துப் போனார். கரையிலிருந்து அந்த ஐந்து சாக்குகளும் வரிசையாக உட்கார்ந்து போவதைப் பார்த்தால் நிஜக் குடும்பம் மாதிரியே இருக்கும். நான் மட்டும் கையசைக்கவில்லை.

பொன்னேரிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "சார், என் ஃப்ரெண்டு ஒருத்தன், அவன் பேர்ல ஒரு படகு..."

"உங்க ஃப்ரெண்டுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றார் வக்கீல்.

வீட்டில் மனைவி செல்வியிடம் ஜாடையாகக் கேட்டேன். "நான் உள்ள போய்ட்டா நீ இன்னா பண்ணுவ?"

"உள்ளன்னா எங்க? சமையக்கட்டுக்கா? ஒரு நாளாவது போ" என்றாள். அதோடு ஞாயிற்றுக்கிழமை பற்றி ஏதோ சொன்னாள். நான் ஜெயில் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததால் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை, "நாளைக்குக் காலமை வெளிக்கிடுறம்" என்று அண்ணன் யாரிடமோ போனில் சொல்வது கேட்டது. உடனே என் வாழ்க்கையின் ஒரே வீரச் செயலைச் செய்தேன். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

3. பிளக்

காலையில் கரைக்குப் போனால், மொத்தக் குடும்பமும் பட்டுச்சேலையில் நிற்கிறது. மல்லிகைப்பூ, தட்டுத் தட்டாகப் பழம், வளையல். ஆஸ்திரேலியாவுக்கு இவ்வளவு அலங்காரமா என்று வாய் பிளந்து நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு பட்டுச்சேலை. என் பொண்டாட்டி. கையில் தட்டு.

செல்வியும் போகிறாள்!

முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். "அண்ணே! நானும் புள்ளகுட்டிக்காரன்! அவளயாவது விட்டுட்டுப் போங்கண்ணே!"

கரையில் நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"யோவ், இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள் செல்வி. "மூத்தவளுக்கு வளகாப்பு, ஞாயித்துக்கெழம தீவுக்குப் போறோம்னு சொன்னேனா இல்லியா? நான் அடுத்த படகுல வரேன். அண்ணன் என் வெயிட்டக் கேட்டாரு, சொல்வேனா நானு?"

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, முகாமில சொல்லிப்போட்டுத்தான் வந்தனாங்கள். பிறகு கதைப்பம். பிளக் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். செல்வி என் சட்டைப் பையையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஜெயில் மேல்.

ஆனால் படகு கிளம்பவில்லை. ராணி அக்கா தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டார். ஒரு கால்கூட முன்னே வரவில்லை.

"என்னால ஏலாதப்பா. நீங்கள் போட்டு வாங்கோ."

அண்ணன் என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார். "இஞ்ச வரேக்க நாங்கள் ஏறின வள்ளத்தில ஆக்களை அளவுக்கு மிஞ்சி ஏத்திப்போட்டாங்கள். கவிண்டிட்டுது. இவளின்ர தம்பி வந்து சேரேல்ல. அதுக்குப் பிறகு இவள் வள்ளத்தில கால் வைக்கேல்ல. மகள் வாழுற வீட்டை இன்னும் காணேல்ல."

நான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

அண்ணன் அக்காவிடம் போய்க் கெஞ்சவில்லை. தைரியம் சொல்லவில்லை. "ராணி, இஞ்ச வா. ஏற வேண்டாம். இதைத் தொட்டுப் பார்" என்றார்.

படகை ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினார். முதுகுப்பலகையில் சாய்ந்தபடி 'ராணி' மூட்டை இருந்தது.

"உன்ர பாரம்தான். தினமும் தீவுக்குப் போய் வருது. காத்து அடிக்கேக்கதான் கொண்டுபோனனான். நனைஞ்சிருக்கோ பார்."

அக்கா கையை நீட்டிச் சாக்கின் மேலே தொட்டார். பிறகு கையை அடியில் விட்டுத் தடவினார். மாமியார் மூக்கைச் சிந்தினார். "காய்ஞ்சுதான் கிடக்கு" என்றார் அக்கா.

"ஓம்."

"அந்தச் சின்னது ஆர்?"

"பிள்ளைப்பேறு முடிஞ்சு அவள் திரும்பிப் போகேக்க கையில ஒண்டு இருக்குமல்லோ. அதுக்கும் சேர்த்துத்தான் பாத்தனான்."

அக்கா சேலையை இழுத்துச் செருகினார். 'ராணி' மூட்டையை அவரே இழுத்துக் கரையில் போடப் பார்த்தார், முடியவில்லை. நான் தூக்கினேன். செமத்தியான கனம். அதையும் சொல்லித் தொலைத்தேன். அக்கா அழுதுகொண்டே என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே ஏறினார்.

மூலையில் கிடக்கும் சாக்குகள் அவைதான். ஷெட்டில் இருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஏறப்போகிறவர் யார், என்ன பாரம் என்று கேட்காமல் படகைக் கையில் கொடுக்காதீர்கள். சண்டைக்கு வந்தாலும் கேளுங்கள். அவர்கள் பொய் சொன்னால் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி அன்று நடந்தது இவ்வளவுதான். படகு தீவுக்குப் போனது. வளைகாப்பு நடந்தது. சாயங்காலம் 'மூத்தவள்' மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மகளை உட்காரவைத்துக்கொண்டு திரும்பி வந்தது. யாரும் நனையவில்லை, என்னைத் தவிர.