பாதியில் நின்ற பாணி

கிளடிஸ் கடைசியாகக் கைவைத்த வேலை அப்பிள் பாணி, பழச்சாற்றில் காய்ச்சும் பாகு. ஸ்ரௌவ்வில் ஊர்ப்பக்கத்துத் தோட்டமொன்றுக்கு மகள் செரீனாவோடு போய்ப் பறித்துவந்த பழங்களைத் தோலோடு வெட்டி அவித்து, துணியில் வடித்தார். சாற்றுக்குள் கறுவாப் பட்டையும் கராம்பும் இஞ்சித் துண்டுகளும் போட்டு மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனார். வந்து சீனி சேர்த்துக் காய்ச்சுவதாக எண்ணம். முதியோர் இல்லத்தில் உடுப்பு மாற்றும் அறையில் விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

நான் அவர் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்ரில், வாடகைக்கு இருப்பவன்.

கிளடிஸ் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். புலம்பெயர்ந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நகரத்தின் சென் ஜேம்ஸ் ரவுணில், இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு மாடி வீட்டில் இருந்தார். டோனட் கடையில் வேலை. இலையுதிர்காலம் தொடங்கினால் அங்கே கோப்பிக்குள் பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து ஒரு பாணியை அமுக்கி விடுவார்களாம். சனம் அதற்காக வெளியே வரை வரிசையில் நிற்குமாம். "இருமல் மருந்து மாதிரி. கறுவாவைக் கண்ணாலயும் கண்டிராது" என்பார்.

தானே காய்ச்சிப் பார்த்தார். முதல்முறை, அரியதரப் பலகாரத்துக்குப் பாகு எடுப்பதுபோலக் கம்பிப் பதம் வரும்வரை அடுப்பில் விட்டுவிட்டார். போத்தலுக்குள் அது கல்லாக இறுகிப் போனது. கணவர் அமிர்தநாதர் போத்தலைத் துவாயில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தாராம். "கண்ணாடி எது, பாணி எது எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துப் பாத்துச் சூப்பினது அந்த மனுசன்" என்று சொல்லும்போது கிளடிஸுக்குச் சிரிப்பில் கண் கலங்கும்.

அமிர்தநாதர் சிறுநீரக வருத்தத்தில் இறந்துபோனபோது செரீனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. கிளடிஸ் பகலில் வேலை செய்து மாலையில் படித்து, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு மாறினார். பிறகுதான் மார்க்கம் நகரில் இந்த வீட்டை வாங்கினார். இல்லத்தில் இருந்த ஒரு சீனக் கிழவி இவர் கையால் மட்டுமே சாப்பிடுவாள். அதற்காக விடுமுறை நாளிலும் போய்வருவார். கோபமும் வரும். குப்பைத் தொட்டியை நான் தெருவுக்கு இழுக்க மறந்த நாட்களில் படியில் நின்று கத்துவது அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

பாணி காய்ச்சும் நாளில் அதே படியில் நின்று கூப்பிடுவார்.

"நவம், ஒருக்கா மேல வாங்கோ. உங்கட நாக்கு வேணும்."

கரண்டியில் ஊதித் தருவார். சீனி காணும், போதும் என்றால், என் நீரிழிவைச் சொல்லிக் கேலியாக, "சலரோகக்காரர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார். சோடாவுக்குள் கொஞ்சம் விட்டு ஆளுக்கொரு கிளாஸ் குடிப்போம். நான் கீழே வந்துவிடுவேன். எங்களுக்கிடையில் வேறொன்றும் இல்லை. வெளியே சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

செத்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. இங்கே எல்லாம் மின்சார அடுப்பு, ஆனாலும் அந்த வழக்கம் மாறவில்லை. சாப்பாட்டை உறவினர்கள் தங்கள் வீடுகளில் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். கிளடிஸின் தம்பி பாரிசிலிருந்து வரவேண்டியிருந்ததால் அடக்கம் ஒரு கிழமை தள்ளிப்போனது. நாளைக் காலையில்தான்.

நானும் கீழே அடுப்பை மூட்டவில்லை. மூட்டாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு நான் உறவும் இல்லை. பாண் ரொட்டியும் வாழைப்பழமுமாக நாட்கள் போயின. அவருக்காக நான் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

இன்று மதியம், வருகிறவர்களுக்கென்று வாங்கிய தண்ணீர்ப் போத்தல்களை மேலே கொண்டுபோனேன். செரீனா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சாற்றுச் சட்டியை வெளியே எடுத்திருந்தாள்.

"மாமி, இது நுரைக்குது. நாளைக்குவரை தாங்காது. ப்ளீஸ், அரை மணித்தியாலம்தான்."

மாமி என்பது அமிர்தநாதரின் தமக்கை அருள்மலர். "இந்த வீட்டில அடுப்பு மூட்டேலாது எண்டு எத்தினைதரம் சொல்லுறது, பிள்ளை?"

"அப்ப உங்கட வீட்ட கொண்டுபோறன்."

"செத்த வீட்டுச் சட்டியை ஆர் தன்ர வீட்டுக்குள்ள ஏத்துவினம்? உந்தச் சாறைக் கழுவுதொட்டிக்குள்ள ஊத்து. அடக்கம் முடியட்டும், வேற காய்ச்சுவம்."

"அதையும் அம்மா வந்து காய்ச்சுவாவோ?" செரீனா சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அம்மான்ர கை பட்டதில இது மட்டும்தான் மிச்சம், மாமி. நான் ஊத்த மாட்டன்."

அருள்மலரின் கணவர் அல்பேட்தான் வாயைத் திறந்தார்.

"கீழ ஒரு அடுப்பு இருக்குதல்லோ?"

"ஓம்." அருள்மலர் யோசித்தார். "கீழ வேற வீடுதான்."

"கரண்ட் பில் ஒண்டு, தபால் பெட்டி ஒண்டு. வீடு மட்டும் ரெண்டோ?" என்றார் அல்பேட்.

"பில் ஒண்டெண்டாப்போல ஆக்களும் ஒண்டோ? அவருக்கும் எங்களுக்கும் என்ன சொந்தம்? நீங்கள் ஒருக்கா வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "குறை நினையாதேங்கோ, நவம் அண்ணை. நீங்கள் வெளி ஆள்தானே, உங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒண்டும் இல்லை. உங்கட அடுப்பில வைக்கலாமோ?"

நானும் மூட்டாமல்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். செரீனா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுத்தால் அந்தச் சட்டி கழுவுதொட்டிக்குத்தான் போகும்.

"ஓம், வைக்கலாம்" என்றேன்.

அவள் சட்டியோடும் சீனிப் பையோடும் கீழே வந்தாள். அடுப்பின் குமிழை நான்தான் திருப்பினேன். கம்பிச் சுருள் மெல்ல மெல்லச் சிவந்தது. நுரையை வழித்தெறிந்துவிட்டுச் சீனியைக் கொட்டினாள்.

"உங்கட கிச்சன் என்ன அங்கிள் இவ்வளவு கிளீன்? சமைக்கேல்லையா?"

"பாண் கிடந்தது."

கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தந்தாள். சாறு புளிக்கத் தொடங்கியிருந்தது, சீனி அதை முழுதாக மறைக்கவில்லை.

"பழுதாப் போச்சா?"

"இல்லைப் பிள்ளை. நல்லா இருக்கு."

அவள் இன்னும் வற்றட்டும் என்று கிண்டிக்கொண்டிருந்தாள். "இப்ப இறக்கு" என்றேன். "ஆறினாப் பிறகு தடிக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு வருசமும் அம்மா என்னைத்தான் ருசி பாக்கக் கூப்பிடுவா."

செரீனா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த பாண் பையைப் பார்த்தாள். என்ன விளங்கியதோ தெரியாது. "தாங்க்ஸ் அங்கிள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இரண்டு துணிகளால் சட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

மேலிருந்து அருள்மலர் கூப்பிட்டார். "பெரிய உபகாரம், நவம் அண்ணை. வெளி ஆள் ஒருத்தர் வீட்டில இருந்தது நல்லதாப் போச்சு."

"அதுக்கென்ன" என்றேன்.

சுருள் இன்னும் சிவப்பாகவே இருந்தது. நிற்பாட்டக் கை போனது. நிற்பாட்டி இனி என்ன? அரிசி கழுவி வைத்தேன். கறி ஒன்றும் வைக்கவில்லை. சோறு வெந்ததும் உப்புப் போட்டுப் பிசைந்தேன். எவ்வளவு பசித்திருக்கிறது என்பது முதல் வாயில்தான் தெரிந்தது.